வெட்கம் என்று பெயர் வைக்கப்பட்ட நரம்பு

மனித உடம்பில் ஒரு நரம்பு வலித்தால், அது நரம்பு வலிதான் என்று மருத்துவம் கண்டுபிடிக்க எத்தனை வருடம் ஆகும்? அது எந்த இடத்து நரம்பு என்பதைப் பொறுத்தது!

இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பின் வலியை (சயாட்டிகா) 1764-லேயே நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் டொமினிக்கோ கொட்டூன்யோ தனிப் புத்தகமாக எழுதிவிட்டார். மூட்டிலிருந்து வரும் வலி வேறு, நரம்பிலிருந்து வரும் வலி வேறு என்று அதில் பிரித்துக் காட்டினார். முகத்தில் மின்னல் மாதிரி வெட்டும் நரம்பு வலியை 1773-ல் லண்டன் மருத்துவர் ஜான் ஃபோதர்கில் விவரித்தார். 1801-ல் பிரெஞ்சு உடற்கூறு அறிஞர் ஃபிரான்சுவா ஷோசியே இந்த மாதிரி வலிகளுக்கெல்லாம் பொதுவாக 'நியூரால்ஜியா' என்று பெயரும் வைத்துவிட்டார்.

ஆனால் நாம் உட்காரும் இடத்தில் ஓடுகிற ஒரு நரம்பு இருக்கிறது. அது நசுங்கினால் வரும் கோளாறுக்குத் தெளிவான ஒரு விளக்கம் கிடைத்தது 1987-ல். அந்த வலியை எப்படி அடையாளம் காண்பது என்று டாக்டர்கள் ஒன்றுகூடிப் பேசி அளவுகோல் வெளியிட்டது 2008-ல். முகத்துக்கும் காலுக்கும் கிடைத்த கவனம் இந்த இடத்துக்கு வர இருநூறு வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது.

அந்த இருநூறு வருடமும் மனிதர்களுக்கு அங்கே வலிக்காமலா இருந்தது? வலித்தது. சொல்ல வெட்கப்பட்டார்கள். சொன்னவர்களை டாக்டர்கள் நம்பவில்லை. நம்பியவர்களும் வேறு வேறு உறுப்புகளைக் குற்றம் சொன்னார்கள். அந்தக் கதைதான் இது.

பெயரிலேயே வெட்கம்

அந்த நரம்பின் பெயர் புடெண்டல் நரம்பு. லத்தீனில் 'புடேரே' என்றால் வெட்கப்படுதல். 'புடெண்டம்' என்றால் வெட்கப்பட வேண்டியது. பிறப்புறுப்புகளை அந்தக் கால ஐரோப்பிய உடற்கூறு அறிஞர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். அங்கே போகும் நரம்புக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்கள் சுற்றி வளைக்காமல் நேரடியாக 'வெட்க நரம்பு' என்றே ரொம்ப காலம் எழுதி வந்தார்கள். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? 'மர்ம உறுப்பு', 'மறைவிடம்' என்றுதானே செய்தித்தாளில்கூட எழுதுகிறார்கள்.

இது ஆண், பெண் இருவருக்கும் உண்டு. இடது, வலது என இரண்டு. முதுகெலும்பின் அடியில், வால் எலும்புக்குச் சற்று மேலே இருக்கும் எலும்பிலுள்ள துளைகள் வழியாக வெளிவரும் 2, 3, 4-ஆம் நரம்பு வேர்கள் சேர்ந்து இது உருவாகிறது. பிறப்புறுப்பு, ஆசனவாய், இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி, இவற்றின் தொடு உணர்ச்சி இதன் வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. சிறுநீரையும் மலத்தையும் நாமாக அடக்கிக்கொள்ளும் தசைகளுக்குக் கட்டளை வருவதும் இதன் வழியாகத்தான். நாள் முழுக்க நம் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் நரம்புக்கு வெட்கம் என்று பெயர்!

இது ஓடும் பாதை விசித்திரமானது. இடுப்புக்கூட்டுக்கு உள்ளே இருந்து ஒரு வாசல் வழியாக வெளியே, பிட்டப் பக்கம் வருகிறது. அங்கே ஓர் எலும்பு முனையைச் சுற்றிக்கொண்டு, இன்னொரு வாசல் வழியாக மறுபடி உள்ளே போகிறது. அந்த எலும்பு முனை இருக்கும் இடத்தில் இரண்டு கெட்டியான தசைநார்கள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. நரம்பு அவற்றின் நடுவே புகுந்து போக வேண்டும். அதன் பிறகு ஒரு குறுகலான கால்வாய். உட்காரும்போது நம் எடையைத் தாங்கும் எலும்பின் உட்புறத்தை ஒட்டி அந்தக் கால்வாய் ஓடுகிறது. நெருக்கடிக்குக் கேட்க வேண்டுமா?

கால்வாய்க்குப் பெயர் கொடுத்தவர்

அந்தக் கால்வாய்க்கு 'ஆல்காக் கால்வாய்' என்று பெயர். பெஞ்சமின் ஆல்காக் 1801-ல் பிறந்த அயர்லாந்துக்காரர். 1830-களில் ஒரு பெரிய உடற்கூறு கலைக்களஞ்சியத்துக்கு இடுப்பின் ரத்தக் குழாய்களைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது இந்தக் கால்வாயை விவரித்தார். அதாவது அவர் தேடிப் போனது ரத்தக் குழாயை. கூடவே ஓடும் நரம்பு அவருடைய விஷயமே இல்லை. அங்கே வலி வருமா என்ற கேள்வியும் எழவில்லை.

ஆல்காக்கின் சொந்தக் கதை ஒரு சோகம். 1849-ல் கார்க் நகரத்தில் புதிதாகத் திறந்த குயின்ஸ் கல்லூரியின் முதல் உடற்கூறு பேராசிரியர் ஆனார். சில வருடங்களிலேயே, அறுத்துப் படிக்கச் சடலங்கள் பெறும் சட்டம் பற்றிய தகராறில் பதவி போனது. 1855-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மனிதர் தொலைந்துபோனார், கால்வாயின் பெயர் மட்டும் பாடப் புத்தகத்தில் தங்கிவிட்டது.

ஆக 1830-களிலேயே வரைபடம் தயார். நரம்பு எங்கே போகிறது, எங்கே குறுகலாக இருக்கிறது, எல்லாம் தெரியும். ஆனாலும் அங்கே வலிக்கிறது என்று வந்த நோயாளியை அந்த வரைபடத்தோடு பொருத்திப் பார்க்க இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

குற்றவாளிக் கூண்டில் ஏறிய உறுப்புகள்

முதல் குற்றவாளி கருப்பை. இது மிகப் பழைய வழக்கு. கி.மு. 1800 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் கஹுன் பாப்பிரஸ் சுவடி, பெண்களின் பல வலிகளுக்குக் கருப்பையையே காரணம் காட்டுகிறது. கிரேக்கர்கள் கருப்பை உடம்புக்குள் அலைந்து திரிவதாகவே நம்பினார்கள். கருப்பைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்துதான் 'ஹிஸ்டீரியா' வந்தது. விளக்க முடியாத வலியோடு வரும் பெண்ணுக்கு அந்த முத்திரையைக் குத்தி அனுப்புவது 20-ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டிலிருந்து அந்தப் பெயர் நீங்கியது 1980-ல்தான்.

இரண்டாவது குற்றவாளி வால் எலும்பு. உட்கார்ந்தால் வலிக்கிறது என்றால் உட்காரும் இடத்து எலும்பைச் சந்தேகிப்பது இயல்புதானே! 1844-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜோசையா நாட், நரம்பு வலி என்று வந்தவருக்கு வால் எலும்பையே வெட்டி எடுத்ததை எழுதினார். பிரசவத்தில் குளோரோஃபார்ம் கொடுத்துப் புகழ்பெற்ற எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் 1859-ல் இந்த வலிக்கு 'வால் எலும்பு வலி' என்ற பொருளில் ஒரு கிரேக்கப் பெயர் கொடுத்தார். உண்மையிலேயே வால் எலும்பில் அடிபட்டு வலிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த ஒரே பெயருக்குள் வேறு காரணங்களால் வலித்தவர்களும் அடைக்கப்பட்டார்கள். எலும்பை எடுத்த பிறகும் வலி போகாதவர்கள் என்ன செய்வார்கள்?

கிட்டத்தட்ட சரியான இடத்தைத் தொட்டவர்களும் இருந்தார்கள். நியூயார்க்கின் பெண்நோய் மருத்துவர் கெய்லார்ட் தாமஸ் 1880-ல் ஒரு விநோத நிலையை விவரித்தார். பெண்ணின் வெளிப்புற உறுப்பில் சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, புண் இல்லை. ஆனாலும் லேசாகத் தொட்டாலே துடித்துப்போகிறார்கள். அங்குள்ள நரம்புகளின் மிகை உணர்ச்சிதான் காரணம் என்று அவர் நினைத்தார். நல்ல கவனிப்பு! ஆனால் அதன் பிறகு ஏறக்குறைய நூறு வருடம் மருத்துவ இலக்கியத்தில் இது பற்றிப் பேச்சே குறைவு. 1970-களில்தான் இந்த நோய்களுக்கான சர்வதேச சங்கம் மறுபடி இதைக் கையில் எடுத்தது.

மூன்றாவது குற்றவாளி ஆண்களுக்கு: புராஸ்டேட் சுரப்பி. அடிவயிற்றின் கீழே, தொடை இடுக்கில் வலிக்கிறது என்று ஓர் ஆண் போனால் புராஸ்டேட்டில் கிருமி என்று ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். 1968-ல் மியர்ஸ், ஸ்டேமி என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் கிருமி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு முறையான சோதனையை உருவாக்கினார்கள். சோதித்துப் பார்த்தால் பெரும்பாலோருக்குக் கிருமியே இல்லை! 1978-ல் அந்த மாதிரி ஆட்களுக்கு 'புராஸ்டேட் வலி' என்று தனிப் பெயர் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் 1999-ல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் நிபுணர் குழு, 'நாட்பட்ட இடுப்புக்கூட்டு வலி' என்ற சொல்லையே புராஸ்டேட் நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புராஸ்டேட் அழற்சி என்று வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த வகைதான். குற்றம் அந்தச் சுரப்பியுடையதாக இல்லாமலே இருக்கலாம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி.

கவனித்தீர்களா? பெண்நோய் மருத்துவர் கருப்பையைப் பார்த்தார். எலும்பு மருத்துவர் வால் எலும்பைப் பார்த்தார். சிறுநீரக மருத்துவர் புராஸ்டேட்டைப் பார்த்தார். ஆசனவாய் மருத்துவர் மூலத்தைத் தேடினார். எல்லோரிடமும் போய்வந்த நோயாளியை கடைசியில் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். இத்தனை பேருக்கும் பொதுவான அந்த ஒற்றை நரம்பு யாருடைய இலாகாவிலும் வரவில்லை.

மரத்துப்போக வைக்கத் தெரியும், ஆனால்...

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. இந்த நரம்பை டாக்டர்களுக்கு நன்றாகவே தெரியும். 1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர், கோகேயின் சொட்டு விட்டுக் கண்ணை மரத்துப்போகச் செய்து காட்டினார். அதிலிருந்து குறிப்பிட்ட இடத்தை மட்டும் மரக்க வைக்கும் கலை வேகமாக வளர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மன் மருத்துவர்கள் பிரசவத்தின்போது புடெண்டல் நரம்புக்குப் பக்கத்தில் ஊசி போட்டு அந்தப் பகுதியை மரக்க வைத்தார்கள். இன்றும் உலகம் முழுக்க பிரசவ அறைகளில் இந்த ஊசி உண்டு.

ஊசி போட்டால் இந்த நரம்பின் வழியாக வரும் வலி நிற்கிறது என்று தெரிந்தவர்கள், இதே நரம்பே வலிக்குக் காரணமாகவும் இருக்கலாம் என்று யோசிக்க வேண்டாமா? ஒருவர் யோசித்தார். 1915-ல் பெர்லின் மருத்துவ வார இதழ் ஒன்றில் சுல்சர் என்ற மருத்துவர் புடெண்டல் நரம்பின் எரிச்சலைப் பற்றி, அதை நியூரால்ஜியா என்றே சொல்லி, இரண்டு பக்கக் குறிப்பு எழுதினார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். அந்தக் குறிப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போர்க் காயத்தால் வரும் நரம்பு வலிக்கோ அதற்கு ஐம்பது வருடம் முன்பே மரியாதை கிடைத்துவிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட வீரர்களின் கை, கால்களில் தீயாய் எரியும் வலியை வியர் மிட்சல் குழுவினர் 1864-ல் புத்தகமாகவே எழுதினார்கள். வீரனின் கைக்குக் காயம் என்று எல்லோரிடமும் காட்டலாம். இந்த வலியை யாரிடம் காட்டுவது?

சைக்கிள் சொன்ன சாட்சி

கடைசியில் துப்பு கொடுத்தது ஒரு சைக்கிள் சீட்!

நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குத் தொடை இடுக்கில் மரத்துப்போவதும் வலிப்பதும் பழைய புகார்தான். 1981-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஒரு கடிதம், சைக்கிள் ஓட்டியதால் புடெண்டல் நரம்பு பாதிக்கப்பட்டதைச் சொன்னது. 1987-ல் பிரான்சில் ஜெரார் அமரன்கோவும் அவரது சகாக்களும் ஒரு படி மேலே போனார்கள். ஆல்காக் கால்வாய்க்குள் நரம்பு நசுங்குவதுதான் காரணம், இது ஒரு புதிய 'கால்வாய் நோய்' என்று எழுதினார்கள். மணிக்கட்டில் நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போவதை அதற்குள் எல்லா டாக்டர்களும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அதே மாதிரி இங்கேயும் ஒரு குறுகலான பாதை, ஒரு நரம்பு, ஓர் அழுத்தம். கணக்கு சரியாக வந்தது.

சைக்கிள் ஏன் முக்கியம் என்றால், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. விளையாட்டு வீரனின் முழங்கால் வலி மாதிரி அதுவும் ஒரு விளையாட்டுக் காயம். சாட்சி சொல்ல ஆரோக்கியமான இளைஞர்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஹிஸ்டீரியா என்று யாரும் சொல்லவில்லை.

ஒருமுறை கதவு திறந்ததும் அடுத்தடுத்து வெளியே வந்தன. 1991-ல் கெய்ரோவின் அகமது ஷஃபீக் ஏழு நோயாளிகளின் விவரத்தோடு 'புடெண்டல் கால்வாய் நோய்' பற்றி எழுதினார். அதே வருடம் அமெரிக்காவில் டர்னரும் மாரினாஃபும் பெண்நோய் மருத்துவ இதழில் 'புடெண்டல் நியூரால்ஜியா' என்ற தலைப்பிலேயே கட்டுரை வெளியிட்டார்கள். இதில் சைக்கிளே ஓட்டாதவர்கள் நிறைய பேர். கடினமான பிரசவம், இடுப்புப் பகுதி ஆபரேஷன், கீழே விழுந்த அடி, மணிக்கணக்காக உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று காரணங்கள் பல. சிலருக்குக் காரணமே தெரிவதில்லை.

நாந்த் நகரத்து டாக்டர்கள்

பிரான்சின் மேற்கே லுவார் நதிக்கரையில் நாந்த் என்று ஒரு நகரம். அங்கே ரோஜே ரொபேர் என்ற நரம்பு அறுவை மருத்துவர் இருந்தார். அவர் உடற்கூறு ஆசிரியரும்கூட. வலியோடு வந்தவர்களைப் பார்த்துவிட்டுச் சடலக் கூடத்துக்குப் போய் நரம்பின் முழுப் பாதையையும் அறுத்துப் பார்த்தார். 1998-ல் வந்த அவர் குழுவின் கட்டுரை இரண்டு நெருக்கடி இடங்களைக் காட்டியது. ஒன்று, அந்த இரண்டு தசைநார்கள் நண்டுக் கொடுக்கு மாதிரி நரம்பைக் கவ்வும் இடம். இன்னொன்று ஆல்காக் கால்வாய்.

அதற்கு ஆபரேஷனும் கண்டுபிடித்தார். பிட்டத்தின் வழியே போய், கவ்வும் தசைநாரை வெட்டி, கால்வாயைத் திறந்து, நரம்பைச் சற்று முன்னால் நகர்த்தி வைப்பது. இது உண்மையிலேயே பலன் தருகிறதா? 32 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 16 பேருக்கு ஆபரேஷன், 16 பேருக்கு மருந்தும் மற்ற சிகிச்சையும். முடிவு 2005-ல் வெளியானது. ஒரு வருடம் கழித்து ஆபரேஷன் செய்தவர்களில் 71 சதவீதத்தினருக்கு முன்னேற்றம். மற்ற குழுவில் 13 சதவீதம்தான்.

சந்தோஷப்படும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். 32 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. தனக்கு ஆபரேஷன் நடந்ததா இல்லையா என்பது நோயாளிக்கே தெரியும் என்பதால் நம்பிக்கையின் பங்கைப் பிரித்துப் பார்க்கவும் முடியாது. ஆபரேஷன் செய்தும் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்குப் பலன் இல்லை என்பதையும் அதே எண்தான் சொல்கிறது.

ஐந்து கேள்விகள்

இந்தக் கதையின் முக்கியமான கட்டம் ஆபரேஷன் தியேட்டரில் நடக்கவில்லை. 2006 செப்டம்பரில் நாந்த் நகரத்தில் ஒரு கூட்டம் நடந்தது. பிரச்சினை இதுதான்: இந்த நோயை ஸ்கேனில் பார்க்க முடியவில்லை. ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. நரம்பின் மின்சார வேகத்தை அளக்க 1980-களில் லண்டனில் உருவான கருவியும் உறுதியான பதில் தருவதில்லை. அப்படியானால் யாருக்கு இந்த நோய் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?

ழான்-ழாக் லபா தலைமையில் அவர்கள் தீர்மானித்த ஐந்து அளவுகோல்கள் 2008-ல் வெளிவந்தன. சுருக்கமாக இவை:

1. வலி இந்த நரம்பு போகும் இடத்தில் இருக்க வேண்டும். அதாவது ஆசனவாயிலிருந்து பிறப்புறுப்பு வரையுள்ள பகுதி.
2. உட்கார்ந்தால் வலி கூட வேண்டும்.
3. வலி இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பக் கூடாது.
4. சோதித்துப் பார்க்கும்போது தொடு உணர்ச்சி குறைந்திருக்கக் கூடாது.
5. நரம்புக்குப் பக்கத்தில் மரப்பு ஊசி போட்டால் வலி குறைய வேண்டும்.

இதில் முதல் மூன்றும் நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை. ஒரு மெஷினும் தேவையில்லை. இரண்டாவதில் ஒரு சுவாரசியமான நுணுக்கம் உண்டு. இந்த நோயாளிகள் பலர் நாற்காலியில் உட்கார முடியாது, ஆனால் வெஸ்டர்ன் டாய்லெட் சீட்டில் உட்கார்ந்தால் வலி குறைகிறது என்பார்கள். கேட்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் உடற்கூறு தெரிந்தவருக்கு இது அருமையான துப்பு! டாய்லெட் சீட்டின் நடுவில் ஓட்டை. எடை விளிம்பில் இறங்குகிறது, நரம்பின் பாதையில் அழுத்தம் இல்லை. இதனால்தான் இவர்களுக்கு நடுவில் வெட்டி எடுத்த குஷனைச் சிபாரிசு செய்கிறார்கள்.

நான்காவதும் முக்கியம். அந்தப் பகுதி திடீரென்று மரத்துப்போனாலோ, சிறுநீர் போக முடியாமலோ அடக்க முடியாமலோ ஆனாலோ, அது முதுகெலும்புக்குள் உள்ள நரம்பு வேர்கள் நசுங்கியதன் அடையாளமாக இருக்கலாம். அது அவசர நோய். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஐந்தாவதற்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஊசி போட்டு வலி நின்றால், வலி அந்த நரம்பின் எல்லைக்குள் வருகிறது என்றுதான் பொருள். நரம்பு நசுங்கியிருக்கிறது என்று அது மட்டுமே நிரூபிக்காது. கீழே ஒரு புண் இருந்தாலும் ஊசியில் அடங்கிவிடும் அல்லவா?

இப்போது என்ன தெரியும்?

நாந்த் குழுவிடம் பிடித்த ஒரு நல்ல குணம், தங்கள் வழக்கங்களையே சோதித்துப் பார்த்தது. மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்துப் போடுவது பல வருடப் பழக்கம். அதை 201 நோயாளிகளிடம் முறைப்படி சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்டீராய்டால் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை!

இன்னொரு முக்கியமான புரிதல் வேறு இடத்திலிருந்து வந்தது. 1983-ல் லண்டனில் கிளிஃபோர்ட் வுல்ஃப் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில், தொடர்ந்து வலிச் செய்தி வந்தால் தண்டுவடமே மாறிவிடுகிறது என்று காட்டினார். ரேடியோவில் சத்தத்தைக் கூட்டி வைத்த மாதிரி, சின்னச் செய்தியும் பெரிதாகக் கேட்கிறது. வருடக்கணக்காக வலித்தவர்களுக்கு நரம்பை விடுவித்த பிறகும் வலி உடனே போகாததற்கு இது ஒரு காரணம். ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது ஏன் முக்கியம் என்பதற்கும் இதுதான் காரணம். வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு வருடமும் கணக்கில் சேர்கிறது.

அதனால் இன்றைய சிகிச்சை படிப்படியாகப் போகிறது. முதலில் நரம்பை அழுத்தும் பழக்கங்களைக் குறைப்பது. இடுப்புக்கூட்டின் அடித்தசைகள் இறுகிக் கிடந்தால் அவற்றைத் தளர்த்தும் பிசியோதெரபி. அமிட்ரிப்டிலின், கபாபென்டின் மாதிரி நரம்பு வலிக்கான மருந்துகள். பிறகு ஊசி. எல்லாம் தோற்று, அளவுகோல்களும் பொருந்தினால் ஆபரேஷன். இடுப்புப் பகுதி வலி எல்லாமே இந்த நரம்பால் வருவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு காலத்தில் கருப்பைமேல் எல்லாப் பழியையும் போட்டது போல இப்போது நரம்புமேல் போட்டால் அது பழைய தவறுதான். இந்த நோய் என்று முடிவு கட்டும் முன் கட்டி, தொற்று போன்ற மற்ற காரணங்களை டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

பெயர் மாறுமா?

2019-ல் சர்வதேச உடற்கூறு கலைச்சொல் பட்டியல் திருத்தப்பட்டது. பெண்ணின் வெளிப்புற உறுப்பைக் குறித்துவந்த 'புடெண்டம்' என்ற சொல்லை நீக்கினார்கள். வெட்கத்துக்கு உடற்கூறில் இடமில்லை என்பதுதான் காரணம். ஆனால் நரம்பின் பெயரை மட்டும் மாற்றவில்லை. புடெண்டல் நரம்பு இன்னும் புடெண்டல் நரம்புதான்.

2020-ல் வலி பற்றிய ஆய்வுக்கான சர்வதேச சங்கம் தன் 1979-ஆம் வருட வரையறையைத் திருத்தியபோது ஒரு குறிப்பைச் சேர்த்தது. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கேட்க மிகச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் ஹிஸ்டீரியா முத்திரையோடு வீடு திரும்பிய பெண்களுக்கும், கிருமியே இல்லாமல் ஆன்டிபயாடிக் தின்ற ஆண்களுக்கும் அவர்கள் காலத்தில் அந்த ஒரு வரி கிடைக்கவில்லை.

இந்த வலி உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை நான்கே விஷயங்கள். சரியாக எந்த இடத்தில் வலிக்கிறது? உட்கார்ந்தால் கூடுகிறதா? நின்றாலோ, படுத்தாலோ, டாய்லெட் சீட்டில் உட்கார்ந்தாலோ குறைகிறதா? இரவில் எழுப்புகிறதா? 'மறைவிடத்தில் ஏதோ கஷ்டம்' என்று மென்று விழுங்காமல் இந்த நான்கையும் தெளிவாகச் சொன்னால், ஸ்கேனில் தெரியாததும் கேட்கிற டாக்டருக்குத் தெரிந்துவிடும்.